வெள்ளிக்கிழமைச் சிநேகிதம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் டீச்சர் சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும். அது அவள் வேலை பார்த்த ஆங்கிலப் பயிற்சிப் பள்ளியின் சட்டம்.

மற்ற நாட்களில் வகுப்பறையில் பாடம். வெள்ளிக்கிழமை பாடம் கிடையாது. ஆசிரியர்கள் அவரவர் வகுப்பை வெளியே அழைத்துக்கொண்டு போய், காபிக் கடையிலோ, காசு கொடுத்து மைக்கில் பாடுகிற பாட்டுக் கூடத்திலோ உட்கார்ந்து, சிநேகிதர்கள் மாதிரி ஆங்கிலத்தில் அரட்டை அடிக்க வேண்டும். யார் எப்படி உளறினாலும் திருத்தக் கூடாது. "வெள்ளிக்கிழமை நீங்க வாத்தியார் இல்லை, நண்பர்" என்று பள்ளியை நடத்திய டைரக்டரம்மா, வேலைக்குச் சேருகிற அன்றே சொல்லிவிடுவாள். நட்புக்கு இரண்டு மணி நேரம். அதற்கு மேலும் நட்பாக இருக்கத் துணிந்தால் அது அவரவர் சொந்த ஆபத்து.

அந்த இரண்டு மணி நேரத்துக்குள் டீச்சர் ஒரு படமாவது எடுத்து ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்பிவிடுவாள். பின்னால் வண்ண விளக்கு, முன்னால் உயரமான கண்ணாடிக் கோப்பை, சுற்றிலும் சிரிக்கிற முகங்கள், நடுவில் டீச்சர். கோப்பையில் இருப்பது எலுமிச்சைத் தண்ணீர்தான். ஆனால் படத்தில் தண்ணீருக்கு வாய் ஏது?

படம் போன கையோடு அண்ணியிடமிருந்து போன் வரும்.

"ஏய், உன் பக்கத்துல நீலக் கோட்டு போட்டுக்கிட்டுப் பல்லைக் காட்டுறானே, அவன் யாருடி?"

"அவர் குழாய் ரிப்பேர் பண்றவர் அண்ணி. என் ஸ்டூடண்ட்."

"குழாய் ரிப்பேருக்குக் கோட்டா?"

"வெள்ளிக்கிழமைன்னா இங்க எல்லாரும் கோட்டுதான்."

"உனக்கென்னடியம்மா, வாழுற. இங்க உங்கண்ணன் என்னைத் தெருமுனைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கே பஞ்சாங்கத்தைப் புரட்டுறாரு."

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்கும். "ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர்றான்னு கேளு!"

அண்ணன் கவலைப்பட்டிருக்கவே வேண்டாம். எட்டரை அடித்ததும் மாணவர்கள் பள்ளி மணி அடித்த பிள்ளைகள் மாதிரி எழுந்து, "இரவு வணக்கம் டீச்சர்" என்று கோரஸாகச் சொல்லிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அதுவரை நடந்த அரட்டையும் அரட்டை அல்ல. "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று டீச்சர் கேட்பாள். "நேற்று நான் சாப்பிட்டேன்" என்பார் குழாய்க்காரர். "முந்தாநாள்?" "முந்தாநாளும் நான் சாப்பிட்டேன்." மனுஷன் ஒரு வேளை பட்டினி கிடந்தால்தான் அடுத்த பேச்சு வரும் என்று இருக்கும். டீச்சர் கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டு, "அருமை!" என்பாள்.

ஆசிரியர்கள் தங்களுக்குள்ளாவது ஒழுங்காகப் பேசிக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. டீச்சரோடு வேலை பார்த்தவர்களில் மூத்தவர் ஒரு நெட்டையர். ஆங்கிலமே தாய்மொழியாகப் பிறந்தவர். அவர் தும்மினால்கூட அதில் சரியான உச்சரிப்பு இருக்கும் என்று மாணவர்கள் காதைத் தீட்டுவார்கள். எப்போதாவது சனிக்கிழமை அவரும் டீச்சரும் மற்றவர்களும் சாப்பிடப் போவதுண்டு. வருஷக்கணக்கில் வகுப்பு எடுத்து எடுத்து, எல்லாருக்கும் பேச்சு நத்தை வேகத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, கையால் காற்றில் படம் வரைந்து, "நீ... இன்றைக்கு... எப்படி... உணர்கிறாய்?" என்பார் நெட்டையர். பதில் சொல்லி முடிப்பதற்குள் "நன்றாகச் சொன்னாய்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிடுவார். பரிமாறுகிறவன் தட்டைக் கொண்டுவந்து வைத்தாலும் "மிக நல்ல முயற்சி" என்பார்.

டீச்சர் இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம். ஒரு வகுப்பு மூன்று மாதம். அதாவது அவளுடைய எந்த நட்புக்கும் ஆயுசு மூன்று மாதம். தேர்வு முடிந்து சான்றிதழ் வாங்கியவர்கள் அதற்குப் பிறகு தெருவில் எதிர்ப்பட்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்கள். எங்கே மறுபடி நேற்று என்ன செய்தாய் என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

பேச ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கூடவே குடியிருந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அவளும் தமிழ்க்காரிதான். டீச்சர் அவளை சிஸ்டர் என்பாள், அவள் இவளை டீச்சரம்மா என்பாள். குளிர்சாதனப் பெட்டியில் யாருக்கு எந்தத் தட்டு என்பதிலிருந்து யாருக்கு எப்போது தலைவலி வரும் என்பது வரை இருவருக்கும் அத்துப்படி. ஆனால் டீச்சர் அவளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. தமிழ் பேசிச் சிரிக்கிறதுக்கா கடல் கடந்து வந்தோம், அது ஊரிலேயே கிடைக்குமே என்பது அவள் எண்ணம். சிஸ்டருக்கும் வருத்தமில்லை. டீச்சர் வெளியே போகிற வெள்ளிக்கிழமைதான் அவள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, ஊரில் இருக்கும் புருஷனோடு போனில் வாய்விட்டுச் சண்டை போடுகிற நாள்.

இப்படி இருக்கையில்தான் டீச்சர் வகுப்புக்குப் பார்லர்காரி வந்து சேர்ந்தாள்.

பள்ளியிலிருந்து நாலு கடை தள்ளி முடி வெட்டுகிற பார்லர் நடத்துகிறவள். நாற்பது வயது, கட்டையான உடம்பு, தலைமுடி மட்டும் மாதம் ஒரு நிறம். கடல் சுற்றுகிற பெரிய பயணக் கப்பல் ஒன்றில் அழகு நிலையத்துக்குப் பொறுப்பாளராக அவளுக்கு வேலை தயாராக இருந்தது. ஒன்றே ஒன்று குறை. நடுத்தர நிலை ஆங்கிலம் தேறியதாகச் சான்றிதழ் வேண்டும் என்று கப்பல்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை காபிக் கடையில் டீச்சர் வழக்கம்போலக் கேட்டாள். "நேற்று என்ன செய்தீர்கள்?"

குழாய்க்காரர் சாப்பிட்டிருந்தார். பார்லர்காரி எழுந்து நின்றாள். அவள் பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "நேற்று நான் ஒரு கிழவரை வெட்டினேன். முதலில் பின்பக்கம் வெட்டினேன். பிறகு காதுப் பக்கம் வெட்டினேன். அவர் மிகவும் சந்தோஷம். அடுத்த மாதமும் என்னை வெட்டு என்று சொல்லிப் போனார்."

டீச்சர் சிரித்தாள். கன்னத்தால் சிரிக்கிற வெள்ளிக்கிழமைச் சிரிப்பு அல்ல. மூக்கில் எலுமிச்சைத் தண்ணீர் ஏறி, இருமி, கண்ணில் நீர் வழிந்த சிரிப்பு. பார்லர்காரிக்கு எதற்கு என்று புரியவில்லை. ஆனாலும் சிரிக்கிறவர்களைக் கண்டால் கூடவே சிரித்துவிடுகிற ஜாதி அவள். எட்டரைக்கு எல்லாரும் எழுந்து போனபோது அவள் மட்டும் எழவில்லை.

"நான் பசி. நீ பசி?" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை போதாமல் ஞாயிற்றுக்கிழமையும் சுற்றினார்கள். பாட்டுக் கூடத்தில் ஒரு சின்ன அறையை எடுத்துக்கொண்டு, தொண்டை கட்டும்வரை ஆளுக்கொரு பாஷையில் பாடினார்கள். கடைத்தெருவில் போகிறவர் வருகிறவர் தலையெல்லாம் பார்லர்காரி விமரிசித்தாள். "அது அவர் முடி இல்லை. அது வாங்கிய முடி. பார், காற்று வருகிறது, அவர் கை மேலே போகிறது." டீச்சர் பிள்ளைப்பருவத்திலிருந்து இடுப்புவரை வளர்த்த முடியைப் பார்லர்காரி தோளோடு கத்தரித்து அவளை ஆளே மாற்றிவிட்டாள். படத்தைப் பார்த்து அண்ணி, "முடி எங்கடி போச்சு? காய்ச்சலா?" என்று அலறினாள்.

பார்லர்காரியும் சும்மா வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காரியக்காரி. வெள்ளிக்கிழமை மேசையில் இருந்த அத்தனை தலைகளையும் ஒரே மாதத்தில் தன் கடைக்கு இழுத்துவிட்டாள். குழாய்க்காரருக்கே முடிச் சாயம் பூசிவிட்டாள். டீச்சரோடு இலவசமாகப் பேசிப் பழகினால் நாக்கு திரும்பும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் டீச்சருக்குத் தலைவலி என்றால் கடையைச் சாத்திவிட்டு வந்து உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுகிறவளும் அவள்தான். யார் எதற்காகப் பழகுகிறார்கள் என்பதைப் பிரித்தெடுக்கச் சல்லடை எங்கே கிடைக்கும்?

இதில் டீச்சர் செய்த தவறு ஒன்று உண்டு. அவள் பார்லர்காரியின் தவறுகளைத் திருத்தவே இல்லை. வெள்ளிக்கிழமைதான் திருத்தக் கூடாது. செவ்வாயும் வியாழனும் வகுப்பறையில் திருத்தியிருக்கலாம். திருத்தினால் அந்தப் பேச்சின் ருசி போய்விடும். "நேற்று ஒரு கிழவரின் முடியை வெட்டினேன்" என்று சரியாகச் சொன்னால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? வைத்தியர் நோயாளியின் இருமலைத் தாளம் போட்டு ரசித்த கதையாக, டீச்சர் அந்தத் தப்புகளைக் காது குளிரக் கேட்டுக்கொண்டு, "அருமை, மேலே சொல்லு" என்றே மூன்று மாதத்தையும் ஓட்டிவிட்டாள்.

வாய்மொழித் தேர்வு வந்தது. பாடம் எடுத்தவரே கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவார். டைரக்டரம்மா கையெழுத்து மட்டும் போடுவாள். அதற்கு முந்தின சாயங்காலம் சிஸ்டர் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது டீச்சர் மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"சிஸ்டர், ஒருத்தர் நல்லா தேறணும்னா இன்னும் மூணு மாசம் படிக்கச் சொல்றது நல்லதுதானே?"

"யாரு, அந்தக் கலர் முடியா?"

"பொதுவாத்தான் கேக்குறேன்."

"பொதுவா கேக்குறவங்க மூஞ்சி இப்படிச் சிவக்காது. பாஸாகிட்டா கப்பல் ஏறிடுவா, அதானே?"

"அவளுக்கு இன்னும் பேச்சு சுத்தமா வரல. கப்பல்ல போய்க் கஷ்டப்படுவா. அவ நல்லதுக்குத்தான்..."

சிஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "டீச்சரம்மா, எங்க வார்டுல ஒரு கிழவர் இருந்தார். நல்லா கதை சொல்வார். எங்களுக்கெல்லாம் உசிரு. குணமானதும் வீட்டுக்கு அனுப்பினோம். கதை நல்லாருக்குன்னு காலை உடைச்சாப் படுக்க வெச்சோம்?"

"நீங்க எதுக்கு எதை முடிச்சுப் போடுறீங்க?"

"நான் முடிச்சு எதுவும் போடல. நீங்க போட்டுராதீங்க. அப்புறம் வெள்ளிக்கிழமை வீட்டுல உக்காந்துட்டா நான் எங்க போய் என் வீட்டுக்காரரோட சண்டை போடறது?"

மறுநாள் தேர்வறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. "உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று டீச்சர் கேட்டாள். பார்லர்காரி அன்றைக்குத் தலைக்கு அடக்கமான பழுப்பு நிறம் பூசிக்கொண்டு வந்திருந்தாள். தன் கடையில் முன்பு வேலை பார்த்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள். கல்யாணப் பெண்ணின் தலையில் அவள் தவறான சாயத்தைப் பூசிவிட்டது, கல்யாணப் பெண் பச்சைத் தலையோடு அழுதது, தான் விடிய விடிய உட்கார்ந்து அதைக் கறுப்பாக்கியது, கடைசியில் மாப்பிள்ளை வந்து "பச்சைதான் நல்லாருந்தது" என்றது. தடங்கலே இல்லை. அங்கங்கே தப்பு இருந்தது. ஆனால் ஆரம்பத்தில் நாலு சொல்லை நட்டுவைத்துப் பேசியவள், இப்போது தண்ணீர் மாதிரி பேசினாள். டீச்சருக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடியும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் குரல் இன்னும் கொஞ்ச நாளில் நடுக்கடலில் யாருக்கோ கதை சொல்லும். தான் இங்கே யார் யாரோ நேற்றுச் சாப்பிட்டதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சரளம் என்ற கட்டத்தில் தாராளமாகப் போட்டாள். பிழையின்மை என்ற கட்டத்தில் பேனா நின்றது. அங்கே எவ்வளவு குறைத்தால் தேறாது என்பது அவளுக்குத் தெரியும். அவ்வளவு மட்டும் குறைத்தாள். அதற்கு மேல் ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கவில்லை. அநியாயம் செய்வதிலும் நியாயம் வேண்டும் அல்லவா?

முடிவு வந்த அன்று நடைவழியில் பார்லர்காரி அவளைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அதுதான் டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது. அவளுடைய ஆங்கிலம் ஓடுகிற ஓட்டத்துக்கு, இனி அதை நம் பேச்சாகவே சொல்லிவிடலாம்.

"ஏன் ஃபெயில்?"

"நல்லா பேசுற. ஆனா தப்பு நிறைய வருது."

"அந்தத் தப்பை நீங்க ஏன் சொல்லல?"

"வெள்ளிக்கிழமை திருத்தக் கூடாதுன்னு சட்டம்."

"செவ்வாய்க்கிழமை?"

டீச்சர் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் பார்த்தாள்.

"பரவாயில்லை" என்றாள் பார்லர்காரி. "மறுபடி படிக்கிறேன்."

டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "கவலைப்படாதே, நான் இருக்கேன்ல" என்று தோளைத் தட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கே போகலாம் என்று அன்று இரவே யோசித்து, மாடியில் இருந்த ஒரு புதுக் கடையையும் பார்த்துவைத்தாள்.

அவள் மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. தேறாதவர்களுக்குத் தனி மறுவகுப்பு. அதை எடுப்பவர் நெட்டையர். அது நடக்கிற நாள் வெள்ளிக்கிழமை, ஆறரை முதல் எட்டரை வரை. தேறாதவர்களுக்கு நட்பு எதற்கு, முதலில் படிக்கட்டும் என்பது டைரக்டரம்மாவின் கொள்கை. டீச்சரின் மாணவர்கள் இதுவரை ஒருவரும் தேறாமல் போனதில்லை என்பதால் அவளுக்கு அந்தக் கொள்கையோடு பழக்கமில்லை.

ஆக அந்த வெள்ளிக்கிழமை மாடிக் கடையில் டீச்சர் புது வகுப்போடு உட்கார்ந்திருந்தாள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ஆறு பேரும் சாப்பிட்டிருந்தார்கள். கண்ணாடி வழியே எதிர்க் கட்டடத்தில் பள்ளியின் விளக்கெரியும் ஜன்னல் தெரிந்தது. உள்ளே நெட்டையர் காற்றில் கையால் படம் வரைந்துகொண்டிருந்தார். பார்லர்காரி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், "ஹோம்வொர்க் இருக்கு, நெட்டையர் கொல்லுவார்" என்று பதில் வந்தது. மூன்றாவது வாரம், மதியம் வகுப்பில்லாத நேரத்தில், முடி வெட்டிக்கொள்ளும் சாக்கில் டீச்சர் பார்லருக்கே போனாள். முடி வெட்ட வேண்டிய அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. ஆனாலும் பார்லர்காரி ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் திருப்பி, கழுத்தில் துணியைச் சுற்றி, தண்ணீர் தெளித்து, "எவ்வளவு?" என்று கேட்டாள்.

"காது வரைக்கும். ஒரு மாறுதலா இருக்கட்டும்."

கத்தரி இடப்பக்கம் ஆரம்பித்தது. பார்லர்காரி நல்ல மனநிலையில்தான் இருந்தாள்.

"நெட்டையர் நல்ல வாத்தியார். வாயைத் திறந்தா உடனே தப்புன்னு சொல்றார். பேசவே பயமா இருக்கு. ஆனா கத்துக்கிறேன்."

"கப்பல் போயிருக்குமே?" என்று டீச்சர் பொய்யான வருத்தத்தோடு கேட்டாள்.

"எங்க போச்சு? கப்பல் இப்ப பழுது பார்க்கிற துறையில நிக்குது. இன்னும் நாலு மாசம் ஆகும். சர்டிபிகேட் மட்டும்தான் முன்னாலயே கேட்டாங்க." கத்தரி சரக் சரக் என்று ஓடியது. "பாஸாகியிருந்தா படிப்புத் தொல்லை இல்லை. நாலு மாசமும் வெள்ளிக்கிழமை ஆனா உங்களோட சுத்தலாம்னு நினைச்சிருந்தேன். அந்த மாடிக் கடையைக்கூடப் பார்த்து வெச்சிருந்தேன். என்ன பண்றது, இப்ப வெள்ளிக்கிழமை எனக்கு கிளாஸ்."

டீச்சருக்கு நாற்காலி ஒரு அடி கீழே இறங்கியது போல் இருந்தது. நாலு மாதம். பதினாறு பதினேழு வெள்ளிக்கிழமை. தட்டில் வைத்து நீட்டியதைத் தானே கவிழ்த்துவிட்டாள். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தால் இடப்பக்கம் முடி காதோடும் வலப்பக்கம் தோளோடும் இருந்தது. அந்தப் பதைப்பில் வாய் முந்திக்கொண்டது.

"நீ கவலைப்படாதே. நான் டைரக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மார்க்கை மாத்திடலாம்."

கத்தரி நின்றது.

கண்ணாடிக்குள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்லர்காரி மெதுவாகக் கத்தரியைத் தட்டில் வைத்தாள்.

"மாத்தலாமா?"

"இல்ல, அதாவது... சில சமயம்..."

"அப்போ அன்னிக்கே போட்டிருக்கலாமா?"

டீச்சர் வாயைத் திறந்தாள். மூன்று வருஷமாக மற்றவர்களின் வாயைத் திறக்க வைத்தவளுக்கு அன்றைக்குத் தன் வாயில் ஒரு வாக்கியம்கூட உருப்படியாக அமையவில்லை. "நீ போயிடுவியே" என்றாள் கடைசியில்.

பக்கத்து நாற்காலியில் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த கிழவி இவர்கள் பேசும் பாஷை புரியாமலே நிமிர்ந்து உட்கார்ந்தாள். சண்டைக்குப் பாஷை தேவையில்லை.

பார்லர்காரி டீச்சரின் கழுத்துத் துணியை அவிழ்த்து உதறினாள்.

"எழுந்திருங்க."

"இன்னும் முடியலையே! இந்தப் பக்கம்..."

"போய் மாத்திட்டு வாங்க. வந்தா மீதியை வெட்டறேன்."

"இந்தத் தலையோடயா? ஐயோ, தெருவுல எல்லாரும்..."

"நாலு கடைதான் தூரம்."

"ஒரு துணியாவது கொடு, தலையில போட்டுக்கறேன்."

"என் துணி எல்லாம் ஈரம்" என்றாள் பார்லர்காரி. அலமாரியில் காய்ந்த துணி அடுக்கடுக்காக இருந்தது.

டீச்சர் நடந்தாள். வலக் கையால் நீளமான பக்கத்தை அள்ளி மறைத்துப் பார்த்தாள். பல்வலிக்காரி மாதிரி இருந்தது. பள்ளி வாசலில் குழாய்க்காரர் மேல்நிலை வகுப்புக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மூன்று மாதம் கற்ற ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, "டீச்சர், யார் உங்களைப் பாதி வெட்டியது?" என்றார். அவர் பேசியதிலேயே சாப்பாடு வராத முதல் வாக்கியம் அதுதான். பாராட்டத் தோன்றவில்லை.

டைரக்டரம்மாவின் அறையில் நெட்டையரும் இருந்தார். இருவரும் அவள் தலையைப் பார்த்தார்கள். பிறகு மரியாதைக்காக மேசையைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி தலையைப் பார்த்தார்கள்.

"ஒரு மார்க்கை மாத்தணும்" என்றாள் டீச்சர். "கூட்டல்ல தப்பு வந்துடுச்சு."

டைரக்டரம்மா தாளை எடுத்துப் பார்த்தாள். "கூட்டல் சரியாத்தானே இருக்கு. பிழையின்மைலதான் குறைச்சிருக்கீங்க. அதுவும் நூல் பிடிச்ச மாதிரி சரியா ஃபெயிலாகற அளவுக்கு. மாத்தணும்னா காரணம் வேணும்."

"ஞாபகக் குறைவு."

"அது காரணமில்லை, வியாதி."

டீச்சர் நெட்டையரைப் பார்த்தாள். அவர் எழுந்து போவதாக இல்லை. அவள் தலையில் ஒரு பக்கம் சில்லென்று இருந்தது, மறுபக்கம் வேர்த்தது. இப்படியே திரும்பிப் போனால் பாதித் தலையோடுதான் இருக்க வேண்டும். வேறு பார்லருக்குப் போகலாம்தான். ஆனால் போய்விட்டால் பார்லர்காரிக்குத் தான் இனி யாரோதான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவ நல்லா பேசினா. பாஸ் போட வேண்டியவ. பாஸ் போட்டா போயிடுவா, எனக்குப் பேச ஆள் இல்லாம போயிடும்னு வேணும்னே குறைச்சேன்."

நெட்டையர் தொண்டையைச் செருமினார். பாவம், கெட்ட எண்ணமில்லை, பழக்கதோஷம். நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "பகிர்ந்துகொண்டதற்கு... நன்றி."

டைரக்டரம்மா பழைய எண்ணை அடித்து, புது எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "இனிமே உங்க வகுப்புக்கு வாய்மொழித் தேர்வை இவர் நடத்துவார்" என்று நெட்டையரைக் காட்டினாள். "அவருக்கு யாரையும் பிடிக்காது." நெட்டையர் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

பார்லருக்கு டீச்சர் திரும்பியபோது நகக் கிழவி வேலை முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். பார்லர்காரி ஏதும் கேட்காமல் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"மாத்தியாச்சு. நாளைக்குப் போனா சர்டிபிகேட் தருவாங்க."

"காரணம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"நடந்ததைத்தான்."

"நெட்டையர் இருந்தாரா?"

"இருந்தார்."

பார்லர்காரி வாய்க்குள் ஏதோ சிரிப்பைக் கடித்ததுபோல் இருந்தது. அலமாரியிலிருந்து காய்ந்த துணி ஒன்றை எடுத்து டீச்சரின் கழுத்தில் சுற்றினாள். வலப்பக்கம் கத்தரி ஓடியது. வேலையில் ஒரு குறை இல்லை. இடதும் வலதும் சமமாக வர, கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்து பார்த்துப் பார்த்து வெட்டினாள். ஆனால் போகிறவர் வருகிறவர் தலைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"இனிமே உனக்கு வெள்ளிக்கிழமை கிளாஸ் இல்லை" என்றாள் டீச்சர், கண்ணாடியைப் பார்க்காமல்.

"இல்லை."

"நாலு மாசம் இருக்கு."

"இருக்கு."

"வர்றியா?"

கத்தரி கொஞ்ச நேரம் காற்றில் வெட்டியது.

"எதுக்கு? நான் என்ன சொன்னாலும் அருமைன்னு சொல்றதுக்கா?"

"திருத்தறேன். ஒவ்வொரு தப்பையும் திருத்தறேன்."

"வேண்டாம். அதுக்கு நெட்டையர் இருக்கார்." அவள் பிடரியில் ஒட்டியிருந்த முடியைப் பிரஷ்ஷால் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள். "டீச்சரா இருந்தீங்க, சரியா வரல. சிநேகிதியா இருந்தீங்க, அதுவும் சரியா வரல. கொஞ்ச நாள் கஸ்டமரா இருங்க. என் கஸ்டமரை நான் பாதியில விடமாட்டேன்."

"இன்னிக்கு விட்டியே?"

"இன்னிக்கு நீங்க கஸ்டமரா வரலையே" என்றாள் பார்லர்காரி. டீச்சரின் பின்னந்தலையில் கையை வைத்து முன்னால் அழுத்தினாள். "ஆடாதீங்க. பிடரியில இன்னும் கொஞ்சம் இருக்கு."